வாலிலிருந்து படிக்க வேண்டிய சொல்

நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றை முதன்முதலாகத் தாளில் பார்க்கும் தமிழ் மாணவர் அதை இடப்பக்கத்திலிருந்து எழுத்துக் கூட்டியபடியே போவார். ரெஸ்பான்சிபிலிட்டி என்பதை ரெஸ், பான், சி, பி, லி, ட்டி என்று ஆறு துண்டாக்கி, ஆறையும் ஒரே கனத்தில் சொல்லி முடிப்பார். எழுத்து எதையும் விடவில்லை. துண்டுகளின் எண்ணிக்கையும் சரி. அப்படியிருந்தும் ஆங்கிலத்தை வீட்டில் பேசி வளர்ந்தவர் காதில் அது விழும்போது "என்ன சொன்னீர்கள்?" என்ற கேள்வி பிறக்கிறது. நம்மவர்கள் இதற்கு உடனே நாக்கைக் குறைசொல்வார்கள்: எஃப் சரியாக வரவில்லை, இசட் வரவில்லை என்று. ஆனால் இந்தச் சொல்லில் தமிழ் நாக்குக்கு எட்டாத ஒலி எதுவுமே கிடையாது. ஆங்கிலம் சொல்லித்தரும் தொழிலில் இருந்து நான் வந்துசேர்ந்திருக்கும் முடிவு, கோளாறு சொல்லைப் பிரிக்கும் வரிசையில் இருக்கிறது என்பது. முதலில் சொல்லின் உறுப்பைப் பார்க்க வேண்டும், அதிலும் கடைசி உறுப்பை. அது அழுத்தம் விழும் இடத்தைக் காட்டும். அழுத்தம் தெரிந்த பிறகு அசைகள் தாமாகப் பிரியும். நம் வகுப்பறைகளில் இது தலைகீழாக நடக்கிறது. அசை முதலில், அழுத்தம் பிறகு, உறுப்பு நேரமிருந்தால்.

உறுப்பாகப் பிரிப்பதும் அசையாகப் பிரிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பது தமிழ் இலக்கணம் படித்த மாணவருக்குப் புதிதல்ல. 'நடந்தனன்' என்ற சொல்லுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் கேட்டால் நட + த்(ந்) + த் + அன் + அன் என்று எழுதிவிடுவார். பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று நன்னூல் வகுத்த ஆறு உறுப்பும் அதில் உண்டு. அதே சொல் செய்யுளில் வந்து அலகிடச் சொன்னால் நடந்-தனன், நிரை நிரை என்பார். முதல் பிரிப்பில் இடைநிலைத் தகரமும் சாரியை அகரமும் தனித்தனியாக நிற்கின்றன. இரண்டாவதில் அவை ஒட்டிக்கொண்டு 'த' ஆகிவிடுகின்றன. பொருளுக்கு ஒரு வெட்டு, ஓசைக்கு ஒரு வெட்டு. இந்தப் பயிற்சி கைவசம் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பது என்றால் கைதட்டி எண்ணுவது மட்டும்தான் என்று சொல்லிக்கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. (யாப்பின் நிரையசைக்குள் இரண்டு உயிரொலி இருக்கும். ஆங்கிலத்தின் சிலபிளுக்குள் ஒன்றுதான். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு சிலபிளையும் இங்கே அசை என்றே எழுதுகிறேன்.) தமிழ் மாணவருக்கு உண்மையில் புதியது அழுத்தம்தான். கல், கால் என்று தமிழ் குறிலையும் நெடிலையும் கொண்டு பொருளை மாற்றும். ஒரு சொல்லின் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் தமிழில் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். அதோடு, அழுத்தம் பெறாத அசைகளின் உயிரொலி கரைந்து, வாயை எந்தப் பக்கமும் இழுக்காமல் சும்மா திறந்தால் வரும் மங்கலான ஓர் அகரமாகத் தேய்ந்துவிடும். ஷ்வா எனப்படும் அந்த ஒலிதான் ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி. அதற்கென்று ஆங்கில நெடுங்கணக்கில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

அசைகளை முதலில் வெட்டிவிட்டு அழுத்தத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ரெகார்ட் என்ற சொல்லைப் பார்க்கட்டும். பதிவு என்ற பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முதல் அசையில் விழும். அமெரிக்க அச்சகங்கள் அதை முதல் மூன்று எழுத்துக்குப் பின் உடைக்கும். பதிவுசெய் என்ற வினையாக வந்தால் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகும். அப்போது உடைப்பு இரண்டு எழுத்துக்குப் பின் வந்துவிடும். எழுத்துகள் அவையேதான், வரிசையும் மாறவில்லை. அழுத்தம் நகர்ந்தது, வெட்டும் கூடவே நகர்ந்தது. 1983இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் எழுதிய ஆய்வேடு இதற்கு நல்ல சான்று. டொனால்ட் க்னூத்தின் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக, வரியின் முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று கணினிக்குக் கற்பிக்கும் முறையை அவர் வகுத்தார். எழுத்துத் தொடர்களை மட்டும் பார்க்கும் 4447 அச்சுகள் அகராதியில் குறித்திருந்த உடைப்புகளில் 89 சதவீதத்தைக் கண்டுபிடித்தன. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரெகார்ட் போன்ற சொல்லின் முன் எழுத்தை மட்டும் பார்க்கும் எந்த முறையும் நின்றுவிடும். அந்த இடத்தில் அது பெயரா வினையா என்று தெரிந்தவர்தான் அழுத்தத்தையும் அதன் வழியே வெட்டையும் சொல்ல முடியும்.

அசை எல்லை என்பது அறிஞர்களிடையிலேயே தீராத விவகாரம். டேனியல் ஜோன்ஸ் 1917இல் தொடங்கிய ஒலிப்பு அகராதி இப்போது கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்துகொண்டிருக்கிறது. 1990இல் ஜான் வெல்ஸ் லாங்மன் நிறுவனத்துக்காக இன்னொன்றைத் தொகுத்தார். கேம்பிரிட்ஜ் அகராதி நடுவில் நிற்கும் மெய்யைப் பெரும்பாலும் அடுத்த அசையின் தலையில் வைக்கிறது. வெல்ஸோ அக்கம்பக்கத்து அசைகளில் எது கனமோ அதனோடு சேர்க்கிறார். எனவே ஒரே சொல் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் பிரியக் காணலாம். அழுத்தம் எந்த அசைக்கு என்பதில் அவற்றுக்குள் பிணக்கு மிக அரிது. பொது அகராதிகளில் சொல்லின் நடுவே இடும் புள்ளியை அசைக் குறி என்று நம்புவதும் தவறு. அது வரி முடிவில் சொல்லை உடைக்க அச்சுக்கோப்பவருக்குச் சொன்ன குறிப்பு. ஐடியா என்ற சொல்லுக்கு மூன்று அசை. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் அதற்குள் ஒரு புள்ளியும் இராது, ஓரெழுத்தைத் தனியே விட்டு வரியை உடைப்பது அச்சு வழக்கமல்ல என்பதால். பழைய இங்கிலாந்துப் பாடநூல்கள் ஹாபிட் என்ற சொல்லை ஹ-பிட் என்று பிரித்துக் காட்டின. 1783இல் தன் எழுத்துக்கூட்டல் நூலை வெளியிட்ட நோவா வெப்ஸ்டர் அதை மாற்றி, பி எழுத்தை முன் அசையோடு சேர்த்தார். குழந்தையின் காதில் விழும் ஒலியைத் தாளும் காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். முன் அசை அழுத்தம் பெற்றுக் குறுகிய உயிரோடு நிற்பதால்தான் அந்த மெய் அங்கே ஒட்டுகிறது. அவருடைய திருத்தமும் அழுத்தத்தைப் பின்தொடர்ந்த வெட்டுதான்.

அப்படியானால் அழுத்தம் எங்கே விழும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நீண்ட சொற்களில் அதற்கான விடை பெரும்பாலும் வாலில் இருக்கிறது. ஃபோட்டோகிராஃப் என்றால் கனம் முதல் அசையில். அதன் வாலில் ஃபி சேர்ந்தால் கனம் இரண்டாம் அசைக்குத் தாவி ஃப-டா-க்ர-ஃபி ஆகிறது. முதல் அசையின் ஓகாரம் தேய்ந்து போய்விட்டதைக் கவனியுங்கள். இக் சேர்ந்தால் கனம் மூன்றாம் அசைக்கு நகர்ந்து ஃபோ-ட-கிரா-ஃபிக். ஒரே வேர், மூன்று வால், மூன்று அழுத்தம். இக், ஷன், மியூசிஷியனில் வரும் ஷியன் ஆகியவை தமக்கு நேர் முன்னால் உள்ள அசையில் கனத்தை வைக்கும். இட்டி, லஜி, கிராஃபி, க்ரசி என்று முடிபவை கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் வைக்கும். மூன்றசைக்குக் குறையாத, ஏட் என்று முடியும் வினைகளும் அப்படியே: கம்யூனிகேட், இன்வெஸ்டிகேட். இன்ஜினியரில் வரும் ஈர், ஜாப்பனீஸில் வரும் ஈஸ், சிகரெட்டில் வரும் எட் ஆகியவை கனத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். னெஸ், மென்ட், லெஸ், ஃபுல், லி, இங் போன்றவை அழுத்தத்தைத் தொடவே தொடா. டெவலப் என்பதில் கனம் இரண்டாம் அசையில். மென்ட் சேர்ந்தாலும் அங்கேயேதான். நம் ஊரில் அது முதல் அசைக்குப் போய்விடுவதற்குக் காரணம் டெவலப்பையே நாம் முதல் அசையில் அழுத்திச் சொல்லிப் பழகியதுதான். வால்கள் அடுக்கி வரும்போது வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கேரக்டரிஸ்டிகலி என்பதில் லி ஒன்றும் செய்யாது, கழற்றிவிடலாம். அதற்கு முன்னுள்ள இகல் தன் முன் அசையான 'ரிஸ்' மீது கனத்தை வைக்கும். வேலை முடிந்தது. ரெஸ்பான்சிபிள் என்பதில் 'பான்' மீது இருந்த கனம் இட்டி வந்ததும் 'பி' மீது விழுகிறது. அதுவரை வாய்க்குள் மங்கிக் கிடந்த 'பிள்' முழு உயிர் பெற்று எழுகிறது. மாணவர் முதல் தடவை இடப்பக்கத்திலிருந்து கூட்டியபோது அது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை, அதைச் சொல்லும் வால் இன்னும் அவர் கண்ணில் படவில்லை.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் காது மூக்கு தொண்டைப் பிரிவின் முழுப்பெயரைப் பார்த்துத் திகைப்பது இயல்பு: ஓட்டோரைனோலாரிங்காலஜி. உறுப்பாகப் பார்த்தால் நான்குதான். ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங்க் குரல்வளை, ஆலஜி துறை. எல்லாம் கிரேக்கம். அசையாக எண்ணினால் ஒன்பது: ஓ-டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜி. லஜி என்ற வால் மூன்றாம் இடத்தில் கனம் வைக்கும் என்பதால் 'கா' ஓங்கி ஒலிக்கிறது. அந்தக் 'கா'வில் இருக்கும் ககர மெய் குரல்வளைக்கு உரியது, ஆகாரம் துறைக்கு உரியது. நடந்தனனில் தகரமும் அகரமும் ஒட்டிக்கொண்டது போலவே இங்கும் இரு உறுப்பின் ஒலிகள் ஓர் அசைக்குள் கலந்துவிட்டன. ஆங்கிலத்தின் நீண்ட சொல் என்று பள்ளிகளில் வேடிக்கைக்காகச் சொல்லும் ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் என்பதையும் இப்படி அணுகினால் அது வேடிக்கையாக இராது. எஸ்டாப்ளிஷ் என்றால் நிறுவு. மென்ட் சேர்ந்தால் அரசு ஏற்பு பெற்று நிறுவப்பட்ட திருச்சபை. டிஸ் சேர்ந்தால் அந்த ஏற்பை நீக்குவது. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அயர்லாந்துத் திருச்சபைக்கு 1871இலும், பின்னர் வேல்ஸில் 1920இலும் நடந்தது அதுதான். ஆன்டியும் ஏரியனும் இசமும் சேர்ந்தால் அப்படி நீக்குவதை எதிர்ப்போரின் கொள்கை. இசம் அழுத்தத்தைத் தொடாது. அதற்கு முன்னுள்ள இயன் தன் முன் அசைமேல் கனம் வைக்கும். எனவே பன்னிரண்டு அசையில் ஓங்குவது 'டேர்'. இங்கும் மென்ட்டின் கடைசி டகரம் அடுத்த அசைக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

ஆங்கில எழுத்துமுறை உச்சரிப்பைக் காட்டுவதில்லை என்று நாம் எல்லோரும் நொந்துகொள்கிறோம். அது வேறொன்றைக் காட்டுகிறது. எலக்ட்ரிக், எலக்ட்ரிசிட்டி, எலக்ட்ரிஷியன் மூன்றிலும் ஒரே சி எழுத்து ககரமாகவும் சகரமாகவும் ஷகரமாகவும் ஒலிக்கிறது. ஒலிப்படி எழுதியிருந்தால் மூன்றும் ஒரு குடும்பம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். 1968இல் நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்பு பற்றிய தங்கள் பெருநூலில் வழக்கமான எழுத்துமுறை ஆங்கிலத்துக்கு ஏறக்குறைய உகந்த முறை என்று வாதிட்டது இதனால்தான். வேர் எழுத்தில் மாறாமல் நிற்கும். எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை விதிகளும் வாலும் சேர்ந்து சொல்லும். எழுத்து உறுப்புகளைக் காட்டும்படி அமைந்திருக்கும்போது அதை ஒலியாக மட்டும் கூட்டிப் படிப்பது அதன் போக்குக்கு எதிராகப் போவதாகும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அசையிலிருந்துதானே தொடங்குகிறார்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1930களில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் உருவாக்கிய வழியில் வந்த பாடமுறைகள் அசை வகைகளைச் சொல்லிக்கொடுத்துத்தான் வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளைக் கைதூக்கிவிடுகின்றன. ஆனால் அந்தக் குழந்தைக்குச் சொல் ஏற்கெனவே காதில் இருக்கிறது. பேப்பரில் முதல் உயிர் நீளும், அதே எழுத்தமைப்புடைய பேனலில் குறுகும். எழுத்தைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஆங்கிலக் குழந்தை தவறாகக் கூட்டிப் பார்த்து, அப்படி ஒரு சொல் தனக்குத் தெரியாது என்று உணர்ந்து, வேறு விதமாகக் கூட்டித் தெரிந்த சொல்லை அடைகிறது. நம் மாணவர் ரெஸ்பான்சிபிலிட்டியைக் காதால் கேட்கும் முன்பே கண்ணால் பார்க்கிறார். ஒத்துப்பார்க்க அவர் மனத்தில் எதுவும் இல்லை. கைதட்டி எண்ணுவதும் அவருக்கு உதவாது. ஃபிலிம் என்று இரண்டு அசையாகச் சொல்பவர் இரண்டு முறைதான் தட்டுவார். ஆங்கிலத்தில் அது ஓர் அசை. தட்டல் அளப்பது அவர் சொல்லும் விதத்தை, சொல்லையல்ல. ஸ்ட்ரெங்த்ஸ் என்பது அத்தனை மெய்யையும் தாங்கிக்கொண்டு ஒரே அசையாக இருக்கிறது என்பதைத் தட்டிக் கண்டுபிடித்த தமிழ்க் குழந்தை இருக்க முடியாது.

விதிவிலக்குகள் இல்லையா என்றால், உண்டு. அராபிக், கத்தோலிக், பாலிடிக்ஸ், லூனடிக் ஆகியவை இக் விதிக்கு அடங்குவதில்லை. இவற்றில் பெரும்பாலானவை பிரெஞ்சு வழியாக மிகப் பழங்காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தவை. கமிட்டி தன் ஈகாரத்தில் அழுத்தம் ஏற்காது. டெலிவிஷன் முதல் அசையில் ஓங்குகிறது. லெபாரட்டரியை இங்கிலாந்தார் இரண்டாம் அசையிலும் அமெரிக்கர் முதல் அசையிலும் அழுத்துகிறார்கள். கான்ட்ரவர்சியில் இங்கிலாந்துக்குள்ளேயே இரு கட்சி. ஆனால் அரித்மெட்டிக் எனக்குப் பிடித்த சாட்சி. கணக்கு என்ற பெயராக வந்தால் விதியை மீறி இரண்டாம் அசையில் அழுத்தம். கணக்கு சார்ந்த என்ற அடைமொழியாக வந்தால் விதிப்படி மூன்றாம் அசையில். மீறலும் விதியும் ஒரே சொல்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. இக் விதியை மீறும் சொற்களைச் சிறு பட்டியலாகத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்லலாம். பின்பற்றுபவற்றைப் பட்டியலிட்டு மாளாது. இட்டிக்கோ விலக்கு என்று சொல்ல ஒன்று அகப்படுவதே கடினம். வால் இல்லாத குறுஞ்சொற்களுக்கு, ஹோட்டல், போலீஸ், கிதார் போன்றவற்றுக்கு, இந்த முறை பயன்படாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவற்றைக் காதாலும் அகராதியாலும்தான் கற்க வேண்டும்.

வேர்ச்சொல் ஆராய்ச்சி பண்டிதர்களுக்கு உரியது, பள்ளிப் பிள்ளைக்கு லத்தீனும் கிரேக்கமும் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. நான் கேட்பது வேரை அல்ல, வாலை. வேர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அழுத்தத்தை ஆளும் வால்கள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். வேரில் தவறினாலும் பெரிய நட்டமில்லை என்பதற்கு ஹெலிகாப்டர் உதாரணம். கிரேக்கத்தில் சுருள் என்ற பொருளுள்ள ஹெலிகோவும் சிறகு என்ற பொருளுள்ள ப்டெரானும் சேர்ந்து, பிரெஞ்சில் 1861இல் குஸ்தாவ் போன்டோன் தமெகூர் உண்டாக்கிய பெயர் அது. உண்மையான உறுப்பு எல்லை ஹெலிகோவுக்குப் பின்னால் இருக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் ஓசையைக் கேட்டு ஹெலி, காப்டர் என்று வெட்டி, ஹெலிபேட் என்றும் காப்டர் என்றும் புதுச் சொற்களே ஆக்கிவிட்டார்கள். மொழிக்கு அதனால் கேடு வரவில்லை. வாலைத் தவறாகப் பார்த்தாலோ அழுத்தம் இடம் மாறிச் சொல்லே காதுக்கு அடையாளம் தெரியாமல் போகும்.

வலுவான எதிர்வாதம் ஒன்று மீதியிருக்கிறது. இந்திய ஆங்கிலம் தனக்கென்று நிலைபெற்ற ஒரு வகை, அதற்கு இங்கிலாந்தின் அழுத்தம் எதற்கு என்பது அது. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில், பிறமொழிக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசிப் புரிந்துகொள்ள எவை கட்டாயம் என்று ஒரு பட்டியல் தந்தார். சொல்லழுத்தம் அதில் இல்லை. அவருடைய நோக்கத்தை நான் மதிக்கிறேன். உச்சரிப்பை வைத்து ஒருவரைத் தாழ்த்தும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதே பட்டியலில் வாக்கியத்தின் முதன்மை அழுத்தம் கட்டாயம் என்று இருக்கிறது. வாக்கியத்தின் கனம் ஏதோ ஒரு சொல்லின் ஓங்கும் அசைமேல்தான் இறங்க முடியும். அந்த அசை எதுவென்று தெரியாதவர் அதை எங்கே இறக்குவார்? நம் நாட்டுச் சான்றும் இருக்கிறது. ஹைதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர். கே. பன்சால் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு விளங்காமல் போவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லழுத்தப் பிழையைக் காட்டியது. 2005இல் ஜான் ஃபீல்ட் அழுத்தத்தை இடம் மாற்றிய சொற்களைப் பலருக்கும் ஒலிக்கச் செய்து சோதித்தார். தாய்மொழியாளரைப் போலவே மற்றவர்களும் தடுமாறினார்கள். அழுத்தம் வலப்பக்கம் நகரும்போது தடுமாற்றம் கூடியது. ஆங்கில உரையாடலில் பொருளுள்ள சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது கனமான அசையில் தொடங்குகின்றன என்று ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987இல் கணக்கிட்டுக் காட்டியிருந்ததோடு இது பொருந்துகிறது. கனமான அசை கேட்டதும் புதிய சொல் தொடங்கிவிட்டது என்று காது எடுத்துக்கொள்கிறது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மாணவரின் வாயைவிட அவர் காது. ஃப-டா-க்ர-ஃபி என்று ஒருவர் சொல்லும்போது, ஃபோ என்ற தொடக்கத்துக்குக் காத்திருக்கும் நம் மாணவருக்குத் தனக்கு நன்றாகத் தெரிந்த சொல் கடந்து போனதே தெரியாது. அவர் எந்த ஊர் ஆங்கிலம் பேசினாலும் சரி, கேட்பதற்கு இந்த அறிவு வேண்டும்.

ஆகவே தேர்வுத்தாளில் ஒரு மாற்றம் கேட்கிறேன். நீண்ட சொல்லைத் தந்து கோடிட்டு அசை பிரிக்கச் சொல்லும் கேள்வி, பெரிய அகராதிகளே கருத்து வேறுபடும் ஓர் இடத்தில் பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. எல்லையைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்கலாம். அதைவிட நல்லது, டெமக்ராட், டெமாக்ரசி, டெமக்ராடிக் மூன்றையும் ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்துக் கொடுத்து, ஓங்கும் அசையின் உயிரெழுத்துக்குக் கீழே மட்டும் ஒரு கோடு இடச் சொல்வது. பிறகு, பிள்ளைகள் இதற்கு முன் பார்த்தே இராத, ஆனால் தெரிந்த வாலுள்ள ஒரு சொல்லைக் கொடுத்து அதிலும் கோடிடச் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்தவர் அங்கே நின்றுவிடுவார். வாலைப் பார்க்கக் கற்றவர் கோடிட்டுவிடுவார். இந்த விடைத்தாளைத் திருத்துபவருக்கும் தயக்கம் வராது, எந்த ஒலிப்பு அகராதியைத் திறந்தாலும் அந்தக் கோடு ஒரே இடத்தில்தான் இருக்கும்.